உறையூர்த் தூணில் சைக்கிள்: முன்னோர் பெருமைக்கு இந்தக் கதை தேவையா?

ஈசூன்வாசி | சனி, காலை 7.40

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் முதலில் வருவது என் மாமாவின் செய்திதான். 74 வயது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எனக்குத் தமிழ் வாசிக்கும் பழக்கம் வந்ததே அவர் சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிக் கொடுத்த புத்தகங்களால்தான். அதனால் அவர் அனுப்பும் எதையும் நான் பார்க்காமல் விடுவதில்லை.

போன வாரம் வந்த காணொளி, திருச்சி உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயில் தூணில் உள்ள ஒரு சிற்பத்தைப் பற்றியது. ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார். சந்தேகமே வேண்டாம், அது சைக்கிள்தான். "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் சைக்கிள் ஓட்டினான், உலகம் மறைத்துவிட்டது" என்று பின்னணி இசையோடு ஒரு குரல் சொல்கிறது. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்போ சங்க இலக்கியத்தில சைக்கிளுக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. புறநானூற்றில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைப் பாடுகிறார். மேடு பள்ளம் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப் போவார்களாம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். மாட்டு வண்டியின் உபரி அச்சுக்குக்கூட ஒரு சொல்லை வைத்துக் காப்பாற்றிய மொழி, சைக்கிள் என்று ஒன்று ஓடியிருந்தால் அதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டிருக்குமா?

தேடிப் பார்த்தேன். திருச்சி வரலாற்றாய்வாளர் இரா. கலைக்கோவன் இதற்கு எப்போதோ விளக்கம் சொல்லிவிட்டார். 1920-களில் அந்தக் கோயிலில் புதுப்பிப்பு வேலை நடந்திருக்கிறது. சைக்கிள் அப்போது நம் ஊர்த் தெருக்களுக்குப் புதிது. அதைப் பார்த்து வியந்த சிற்பி ஒருவர் தூணில் செதுக்கியிருக்கலாம் என்கிறார். யோசித்தால் பொருந்துகிறது. இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, சங்கிலி போட்டு ஓடும் சைக்கிள் 1885-ல் இங்கிலாந்தில் வந்தது. காற்றடித்த டயர் 1888-ல். சிற்பத்தில் இருப்பது அந்த மாதிரி வண்டிதான்.

சரி, ஒரு தவறான காணொளி, விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. உறையூரில் ஒரு மனிதர் தன் கண்ணால் கண்ட புதுமையை, சாமி சிலைகளுக்கு நடுவே வைக்கும் அளவுக்கு ஆசையோடு கல்லில் கொத்தியிருக்கிறார். எவ்வளவு அழகான நிகழ்ச்சி அது! காணொளி அந்த மனிதரை இல்லாமல் ஆக்கிவிட்டு, அவர் இடத்தில் ஒரு மர்மத்தை வைக்கிறது. எனக்கு வலிக்கிறது. மாமாவின் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

செங்காங் செல்வி | சனி, காலை 8.15

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அக்கா. என் மகனுக்கு எகிப்து. அபிடோஸ் கோயிலில் ஹெலிகாப்டர் செதுக்கியிருக்கிறது என்று ஒரு படம் காட்டினான். பார்த்தால் அப்படியே ஹெலிகாப்டர்! எனக்கே பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

வடகரை | சனி, காலை 9.02

ஈசூன்வாசி அக்கா, சைக்கிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிட முடியாது. நான் இந்தக் காணொளிகளை விரும்பிப் பார்ப்பவன், அதனால் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

நாம் பள்ளியில் படித்த வரலாறு யார் எழுதியது? இந்தியர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் வந்துதான் சொல்லிக் கொடுத்தோம் என்று நூறு வருடம் எழுதி வைத்தார்கள். அந்த அவமானத்தைச் சுமந்தவர்கள் என் தாத்தாவும் உங்கள் மாமாவும். இன்று ஒருவர் வந்து "இல்லை, உங்கள் முன்னோர் பெரியவர்கள்" என்று சொன்னால் நெஞ்சு நிமிர்கிறது. அது தப்பா?

தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் கல். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில், கல்லாலேயே ஆன சங்கிலி தொங்குகிறது. வளையத்துக்குள் வளையம், ஒட்டே கிடையாது. உளியும் சுத்தியலும் வைத்து இதைச் செய்ய முடியுமா? கல்லை உருக்கி வார்க்கும் வித்தை அவர்களிடம் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இல்லை என்றால் எப்படி என்று யாராவது சொல்லட்டும், கேட்கிறேன்.

பூண்டிக் கல்தச்சன் | சனி, மதியம் 1.30

வடகரை அண்ணே, நான் சொல்றேன். எனக்குத் திருமுருகன்பூண்டி, திருப்பூர் பக்கம். ஊரே சிற்ப வேலைதான். சிங்கப்பூருக்கு வந்து கட்டுமானத்துல வேலை பாக்குறதுக்கு முன்னாடி ஆறு வருசம் என் சித்தப்பா பட்டறையில இருந்தேன். எழுத்துத் தமிழ் எனக்குச் சரளமா வராது, பேசுற மாதிரியே எழுதுறேன்.

முதல்ல சங்கிலி. உருக்க வேண்டியது இல்லைண்ணே. நீளமான ஒரே கல்லை எடுத்து, குறுக்கு வெட்டுல பாத்தா கூட்டல் குறி மாதிரி தெரியுற வடிவத்துக்குக் கொண்டு வருவாங்க. நாலு பக்கமும் நாலு பட்டை. எதிரெதிர்ப் பட்டை ரெண்டுல ஒரு வளையத்தை வரையணும், மத்த ரெண்டுல அடுத்த வளையம். அது முதல் வளையத்துக்குள்ள கோத்த மாதிரி விழும். அப்புறம் நடுவுல இருக்கிற கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொத்தி எடுக்கணும். கடைசியா ரெண்டு வளையத்தையும் பிடிச்சிட்டிருக்கிற சின்னக் கண்ணி அறுந்ததும் வளையம் தனியா ஆடும். அந்தச் சத்தத்தைக் கேட்டா உடம்பு சிலிர்க்கும். ஒரு அடி தப்பினா மாசக் கணக்குல செஞ்ச வேலை போச்சு. அதனால அந்தக் கண்ணியில கை வைக்கிறது பட்டறையில மூத்தவர் மட்டும்தான். எங்க சித்தப்பா அன்னைக்குக் காலையில யார்கூடயும் பேச மாட்டார்.

அடுத்தது, 'கண்ணாடி மாதிரி வழவழப்பு, மிஷின் இல்லாம முடியாது'ன்னு சொல்றாங்களே, அது. மட்டப் பலகையில செங்காவியைத் தண்ணியில குழைச்சுத் தடவுவோம். பலகையைக் கல்லு மேல வச்சு எடுத்தா, மேடா இருக்கிற இடத்துல மட்டும் காவி ஒட்டும். அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் கொத்துவோம். மறுபடி பலகை, மறுபடி காவி. முதல்ல நாலு இடத்துல ஒட்டும், போகப் போக நாப்பது இடத்துல ஒட்டும், கடைசியில பரப்பு முழுக்கச் சிவப்பாயிடும். அப்ப கல்லு மட்டமாயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல மணலும் தண்ணியும் போட்டுக் கல்லாலயே தேய்க்கணும். ரகசியம்னு ஒன்னும் இல்ல. நாள்தான் போகும், தோள்பட்டை போகும்.

உளி சீக்கிரம் மழுங்கிடும். அதனால பட்டறையில ஒருத்தர் உலைக்குப் பக்கத்துலயே உக்காந்து, மழுங்கின உளியைக் காய்ச்சித் தட்டித் தண்ணியில தோய்ச்சுக் கொடுத்துட்டே இருப்பார். கோயில் கட்டினது சிற்பி மட்டும் இல்ல, அந்தக் கொல்லரும்தான். காணொளியில அவரைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதே இல்ல.

ஈசூன்வாசி | சனி, மதியம் 2.10

தம்பி, பேசுகிற மாதிரியே எழுதுங்கள், அப்படியே இருக்கட்டும். அந்தச் சிவப்புப் பலகையை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

வடகரை, உங்கள் அவமானப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவும் அதே இடத்திலிருந்துதான் பேசுகிறார் என்று இப்போது புரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "உளியும் சுத்தியலும் வைத்து இவர்களால் செய்திருக்க முடியாது" என்ற வரியை அன்று வெள்ளைக்காரர் சொன்னார். இன்று காணொளிக்காரர் சொல்கிறார். இரண்டிலும் முடியாதவர் யார்? அதே கல்தச்சர்தான்.

தஞ்சைக் கோயிலின் உச்சியைப் பற்றி: அந்தச் சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களைச் செதுக்கிப் பொருத்தியது என்று கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதன் நிழல் தரையில் விழாது என்று காணொளிகளில் சொல்வதும் பொய். வெயில் நேரத்தில் அங்கே போன எவரும் அந்த நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் 1010-ல் முடிந்த, 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கருங்கல் கோபுரம் என்பது உண்மை. அந்த வட்டாரத்தில் கருங்கல் மலையே கிடையாது, கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது என்பதும் உண்மை. இந்த உண்மை போதாதா நமக்கு?

சாங்கி முனை | சனி, மாலை 4.45

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். கல்லை உருக்கி வார்த்தார்கள் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

கருங்கல்லை உடைத்துப் பார்த்தால் மூன்று விதமான மணிகள் தெரியும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார், கண்ணாடி போன்றது குவார்ட்ஸ், கறுப்பாக மினுங்குவது மைக்கா. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அந்த மணிகள் வளர வேண்டுமென்றால், உருகிய பாறை பூமிக்கு அடியில் பல்லாயிரம் ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆற வேண்டும். அதே கல்லை நாம் உருக்கி அச்சில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும், மணி வளர நேரம் இருக்காது, கண்ணாடி போலவோ நுண்ணிய பொடி போலவோ இறுகிவிடும். ஆகவே ஒரு தூணில் பெரிய மணிகள் தெரிந்தால் அது வார்த்த கல் அல்ல, வெட்டிய கல். கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும்.

இதைப் பார்க்க இந்தியாவுக்குப் போக வேண்டாம். சாங்கி முனையில் பம்போட் என்ற சிறு படகில் ஏறுங்கள், 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். புலாவ் உபின் தீவே கருங்கல். ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு 1850-ல் கல் போனது அங்கிருந்துதான், பிற்பாடு ஜொகூர்க் கடற்பாலத்துக்கும் போயிற்று. கல் குவாரிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. குவாரிப் பக்கம் கிடக்கும் பாறைகளின் விளிம்பைக் கவனித்தால், பாதிக் குழாய் போன்ற தடங்கள் வரிசையாக இருக்கும். துளை போட்டு, அந்த வரிசையிலேயே பாறையைப் பிளந்ததன் அடையாளம். தேதி தெரியாத ஒருவருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினால், "பழங்கால இயந்திரத் துளை" என்று நம்பிவிடுவார். நூறு வருடம்கூட ஆகியிருக்காது.

அதே தீவில் இன்னொன்றும் உண்டு. சில பெரிய பாறைகளில் மேலிருந்து கீழாக ஆழமான வரிகள் ஓடும், யாரோ உட்கார்ந்து வாய்க்கால் வாய்க்காலாகச் செதுக்கியது போல. 19-ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பார்த்தவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். யாரும் செதுக்கவில்லை. வெப்பமண்டல மழை காலம் காலமாக வழிந்து அரித்த தடம். மனிதன் செய்தது இயற்கை போலவும், இயற்கை செய்தது மனிதக் கைவேலை போலவும் ஒரே தீவில் கிடக்கின்றன. அங்கே என் மாணவர்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம், "இது எப்படி வந்தது என்று சொல்லும் முன் பத்து நிமிடம் சும்மா தொட்டுப் பாருங்கள்" என்பேன். முதல் இரண்டு நிமிடத்தில் சொன்ன பதிலைப் பத்தாவது நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

செல்வி கேட்ட அபிடோஸ்: அது ஒரே செதுக்கல் அல்ல, ஒன்றின் மேல் ஒன்று. முதலாம் சேத்தி மன்னன் காலத்தில் வெட்டிய எழுத்தைச் சாந்து வைத்து அடைத்துவிட்டு, அவன் மகன் இரண்டாம் ராம்செஸ் தன் பட்டப் பெயரை மேலே வெட்டினான். பின்னால் சாந்து உதிர்ந்துவிட்டது. இரண்டு எழுத்தும் கலந்து ஹெலிகாப்டர் மாதிரித் தெரிகிறது. ஒரு தாளில் இரண்டு சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி மகனிடம் காட்டுங்கள், பிடித்துக்கொள்வான்.

செங்காங் செல்வி | சனி, மாலை 5.20

எழுதிக் காட்டினேன் ஐயா! அவன் பெயரையும் அவன் தங்கை பெயரையும். ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி.

தெம்பனிஸ் தம்பி | சனி, இரவு 9.30

எல்லாரும் தூரத்துக் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் சிங்கப்பூர்க் கல் என்ன ஆயிற்று? தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. அதில் சோழ மன்னன் பெயர் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளரே சொல்லிவிட்டார். ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு வந்தபோது இங்கே நட்ட வெற்றிக் கல் அது! இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

ஈசூன்வாசி | ஞாயிறு, காலை 6.50

தம்பி, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காரணம், அந்தக் கல் சோழர் கல்லாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. இந்த ஊரில் பிறந்த தமிழச்சி நான். ஆற்று முகத்துவாரத்தில் நம் மன்னன் பெயர் இருந்தது என்றால் என் மகளிடம் எப்படிச் சொல்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன். ஆசை இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் நான் மெதுவாகப் போகிறேன்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1819-ல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் காட்டை அழித்தபோது அந்தப் பாறை வெளிப்பட்டது. மணற்கல், ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம், சுமார் 50 வரி எழுத்து. அந்தக் காலத்து மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். யார் யாரோ வந்து மாவை அப்பி அச்சு எடுத்தார்களாம், எழுத்து தெரிய மை பூசினார்களாம், ஒருவராலும் படிக்க முடியவில்லையாம். 1843 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள், ஆற்று முகத்துவாரத்தில் கோட்டை வேலைக்கு இடம் வேண்டும் என்று. ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி எழுத்துள்ள சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்றுதான் 1918-ல் திரும்பி வந்து இப்போது அரும்பொருளகத்தில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் ஆராய்ச்சி 2019-ல் இயன் சின்கிளேர் என்ற அறிஞர் செய்தது. எழுத்துகளில் 'கேசரிவ' என்ற வரிசையை அவர் அடையாளம் கண்டார். அது 'பரகேசரிவர்மன்' என்ற பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். சோழ மன்னர்கள் இராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். ராஜேந்திரன் பரகேசரிதான். அதனால் இது வெறும் கற்பனை இல்லை, நல்ல யோசனை. ஆனால் 'இருக்கலாம்' என்று அவர் சொன்னதை 'இருக்கிறது' என்று நாம் மாற்றினால், அடுத்த படியில் 'ராஜேந்திரன் நட்டான்' என்று ஆகிவிடும், அதற்கடுத்து 'உலகம் மறைத்தது' என்று ஆகிவிடும். பரகேசரி என்ற பட்டம் பல சோழர்களுக்கு உண்டு. எழுத்து சாவக நாட்டில் (ஜாவாவில்) வழங்கிய 'காவி' என்ற எழுத்து வகை என்றும், காலம் 10 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள் எங்கோ என்றும் கருதுபவர்கள் இருக்கிறார்கள். மீதி வரிகள் சாலைக் கல்லோடு கல்லாகப் போய்விட்டன.

போன டிசம்பரில் மகளோடு போய் அந்தத் துண்டின் முன்னால் நின்றேன். நேராக நின்றால் வெறும் கல். பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்துக்கு வந்தபோதுதான் வரிகள் எழுந்தன. வட்ட வட்டமான எழுத்து, தேய்ந்து, நடுவில் அறுந்து. மகள் ஒன்றுமே பேசவில்லை. பிறகு, "ஏம்மா உடைச்சாங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தால் அது இந்த இடத்தில்தான் வருகிறது. இந்த மர்மத்தை எந்தப் பழங்காலத்தவரும் உண்டாக்கவில்லை. அவர்கள் படிக்கத்தான் எழுதினார்கள். 1843-ல் ஒரு காலைப்பொழுதில் வெடிமருந்து வைத்து நாம் அதை மர்மம் ஆக்கினோம்.

தெம்பனிஸ் தம்பி | ஞாயிறு, காலை 7.30

அக்கா, 'இருக்கலாம்' என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்கு வந்த காணொளியில் அந்தச் சொல்லே இல்லை. இந்த வாரம் நானும் போய்ப் பார்க்கிறேன்.

வடகரை | ஞாயிறு, காலை 10.15

நேற்று முழுக்கப் படித்தேன். சங்கிலியும் கருங்கல் மணியும் எனக்குப் போதும், கல்லை உருக்கினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன். தொழில்நுட்பம் தொலைந்தே போகவில்லையா? நம் உருக்கு? அதை வைத்துத்தான் டமாஸ்கஸ் வாள் செய்தார்கள். அதே மாதிரி இன்று செய்ய முடிகிறதா? கிரேக்கக் கடலில் கிடைத்த அந்தப் பல்சக்கர இயந்திரம்? தொலைந்த தொழில்நுட்பம் என்று சொன்னாலே பொய் என்பது சரியில்லை.

ஈசூன்வாசி | ஞாயிறு, மதியம் 12.40

ஒப்புக்கொள்கிறேன், முழு மனதோடு. இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆண்டிகிதெரா இயந்திரம் 1901-ல் ஒரு மூழ்கிய கப்பலிலிருந்து கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தையது. 30 வெண்கலப் பல்சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. சூரியன், சந்திரன், கிரகணம் எல்லாவற்றையும் கணக்கிடும் கருவி. அதற்கு நிகரான பல்சக்கர நுட்பம் ஐரோப்பாவில் திரும்ப வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. ஆனால் கவனியுங்கள், அங்கே பொருள் கையில் இருக்கிறது. அதன் மேலேயே எப்படிப் பயன்படுத்துவது என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்த மாதிரிக் கருவிகளைப் பற்றிப் பழைய ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். தொலைந்த ஒன்று தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

நம் உருக்கு அதைவிட நெருக்கமானது. ஈரோடு பக்கம் கொடுமணலில் அதற்கான உலைகளின் அடையாளம் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் 'வூட்ஸ்' என்ற பெயரே நம் பக்கத்து மொழிச் சொல்லிலிருந்து போனதுதான். மூடிய மண்குடுவையில் இரும்பையும் கரியையும் வைத்து உருக்கிய எஃகு, உலகம் முழுக்க விலை போனது. 19-ஆம் நூற்றாண்டில் அது நின்றுபோனது. எப்படித் தொலைந்தது? வேற்றுக் கிரகத்தவர் எடுத்துப் போகவில்லை. மலிவான ஆலை எஃகு கப்பலில் வந்து இறங்கியது, கரிக்கு மரம் வெட்ட முடியாமல் போனது, கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அப்பன் கை மகன் கைக்கு மாறாத ஒரு தலைமுறையில் அது போய்விட்டது. தொலைந்த தொழில்நுட்பம் என்றால் எனக்கு இதுதான். அதற்காக அழலாம், ஆராயலாம், திரும்பச் செய்து பார்க்கலாம். பூண்டித் தம்பியின் சித்தப்பா பட்டறையும் அதே மாதிரி ஒரு தலைமுறை தூரத்தில்தான் நிற்கிறது.

பூண்டிக் கல்தச்சன் | ஞாயிறு, மதியம் 1.05

நிக்குதுக்கா. சித்தப்பா பசங்க ரெண்டு பேரும் ஐ.டி. இப்ப கட்டர் மிஷின் வந்துடுச்சு, பாதி வேலை அதுலதான். காவிப் பலகை இருக்கு, ஆனா எடுக்கிறவங்க குறைவு. இங்க சிங்கப்பூர்ல ஒரு கோயில் திருப்பணிக்கு நம்ம ஊர் ஆளுங்க வந்திருந்தாங்க. லீவு நாள்ல போய்ப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரு பெரியவர் என் கையைப் பாத்துட்டு, எதுவும் கேக்காம உளியை எடுத்துக் கொடுத்தார். மூணு வருசம் ஆச்சு பிடிச்சு. கை மறக்கல.

ஒன்னு கேக்கணும். அந்தக் காலத்துச் சிற்பிங்க பேரு எங்கயாவது இருக்கா? எங்க பட்டறையில யாரும் சிலையில பேரு போட மாட்டோம். அதனாலதான் யாரும் செய்யலன்னு நினைக்கிறாங்களோன்னு தோணுது.

சாங்கி முனை | ஞாயிறு, மாலை 3.30

இருக்கிறது தம்பி. நிறையவே இருக்கிறது.

கர்நாடகத்துப் பேலூர்க் கோயிலில் பள்ளிகாவேயிலிருந்து வந்த தாசோஜனும் அவன் மகன் சாவணனும் தங்கள் சிற்பங்களின் அடியில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். சோமநாதபுரத்தில் மல்லிதம்மா என்ற சிற்பியின் பெயர் எத்தனையோ சிற்பங்களின் கீழ் இருக்கிறது. 'இயந்திரத்தால் கடைந்த தூண்' என்று காணொளிகள் மர்மம் பேசுவது இந்த ஒய்சளக் கோயில்களைப் பற்றித்தான். கடைந்தார்கள் என்பதை அறிஞர்களும் மறைக்கவில்லை. அந்தக் கல் மென்மையான மாக்கல் வகை, வெட்டும்போது இளகி, காற்றுப் பட்டு இறுகுவது.

எகிப்தில் 2013-ல் செங்கடல் ஓரத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய நாட்குறிப்பு. கூஃபு மன்னனின் பிரமிடுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிப் போனதை நாள் வாரியாக எழுதி வைத்திருக்கிறார்.

நமக்குப் பக்கத்தில், தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்ற இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொற்கொல்லர் தங்கத்தை உரசிப் பார்க்கும் கல். அதில் தமிழில், பிராமி எழுத்தில், 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. பெரும்பதன் என்பவருடைய கல், அவ்வளவுதான் செய்தி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. கடல் கடந்து தொழில் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர், தன் கல் பிறர் கல்லோடு கலந்துவிடக் கூடாதென்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ் எழுத்துகளில் அது ஒன்று.

தஞ்சையில் இராஜராஜன் கோயிலுக்குத் தான் கொடுத்ததையும் தன் அக்காள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே கோயில் கல்வெட்டுகளில், கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேர் பெயரோடும் வீட்டு வரிசையோடும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தையற்காரர், வண்ணார், நாவிதர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. தச்சர்களும் உண்டு. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சன். இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சன். மன்னன் தன் பெயர்களையும் தன் குலத்து முன்னோர் பெயரையுமே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறான்.

பூண்டிக் கல்தச்சன் | ஞாயிறு, மாலை 3.52

ஐயா, அந்த மூணு பேரையும் எழுதி வச்சுக்கிட்டேன். சித்தப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லு"ன்னார். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார்.

வடகரை | ஞாயிறு, இரவு 8.20

உபினுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து போகலாமா? ஐயா கூட வந்தால் நான் என் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வருகிறேன். 12 பேர் ஆகிவிட்டால் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 10.05

நாங்கள் மூன்று பேர். மாமாவும் வருகிறார்.

இன்று மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காணொளி தப்பு என்று ஆரம்பிக்கவில்லை. 1920-களில் உறையூரில் தெருவில் புதிதாகச் சைக்கிள் வந்தபோது அதைப் பார்த்து நின்ற ஒரு சிற்பியின் கதையைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் அப்பா முதன்முதலில் வாங்கிய சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஊரே வந்து மணியை அடித்துப் பார்த்ததாம், இரவில் வீட்டுக்குள் வைத்துத் துணி போர்த்தி வைப்பார்களாம். இந்தக் கதையை இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. கிளம்பும்போது, "அந்தத் தூணைச் செதுக்கினவர் பேரு கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

படகு காலை 8 மணிக்கு. தண்ணீர்ப் போத்தல் எடுத்து வாருங்கள்.